கையில் நிற்கும் பணம் எவ்வளவு?



ஆடி பிறந்துவிட்டால் நம் புதுச்சேரியில் இரண்டு இடங்களில் சத்தம் மாறிவிடும். பெரிய மார்க்கெட்டில் கூடும். கூழுக்குக் கேழ்வரகு, அம்மனுக்கு எலுமிச்சை மாலை, வேப்பிலை என்று நேரு வீதி வாசல் வரைக்கும் நெரிசல். பத்திரப்பதிவு அலுவலகத்தில் குறையும். ஆடியில் யார் வீடு வாங்குவார்கள்?

வாங்குவதும் விற்பதும்தான் நிற்குமே தவிர, பேச்சு நிற்காது. இந்த மாதம் நமக்கு வரும் கடிதங்களிலும் மார்க்கெட்டில் காதில் விழும் பேச்சிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: "லாஸ்பேட்டை வீட்டைக் கொடுத்துடலாமா?" லாஸ்பேட்டை என்ற இடத்தில் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், முதலியார்பேட்டை, வில்லியனூர், அரியாங்குப்பம் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய கதை இருக்கிறது. பெரிய மார்க்கெட்டைச் சுற்றி, ரங்கப்பிள்ளை வீதியிலும் பாரதி வீதியிலும், கீழே கடை மேலே வீடு என்று வாழ்ந்த குடும்பங்கள் பல. பிள்ளைகள் வளர்ந்தார்கள், இடம் போதவில்லை. கையில் நாலு காசு சேர்ந்ததும் ஊருக்கு வெளியே மனை வாங்கினார்கள். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், பெரியவனுக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். இன்று பெரியவன் பெங்களூரு, சின்னவன் பாரிஸ். மேல் போர்ஷனில் லீசுக்கு யாரோ. கீழே அப்பாவும் அம்மாவும் மட்டும். மாடிப்படி ஏற முட்டி விடுவதில்லை. மீன் வாங்க மார்க்கெட்டுக்கு வர ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. "டவுன்லயே ஒரு சின்ன ஃபிளாட் பார்த்துக்கிட்டு வந்துடலாம்" என்று அம்மா ஆரம்பிக்கிறார். அப்பா பதில் சொல்வதில்லை.

விற்பதா, வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது. அது உங்கள் வீட்டு முடிவு. விற்பது என்று முடிவெடுத்த பிறகு நம்மில் பலர் தவறான எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

எந்த எண்? "எதிர் வீடு எண்பதுக்குப் போச்சாம்" என்ற எண்.

போச்சாம். யார் சொன்னது? புரோக்கர். புரோக்கருக்கு யார் சொன்னது? விற்றவர் சொன்ன விலை ஒன்று, பேசி முடிந்த விலை இன்னொன்று, பத்திரத்தில் எழுதிய விலை மூன்றாவது. பல வருடங்களாக நாம் எல்லோருமே ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, ஜி.எல்.ஆர். என்ற அரசு வழிகாட்டி ரேட்டை ஒட்டிப் பத்திரம் எழுதிப் பழகிவிட்டோம். அதன் விளைவு என்ன தெரியுமா? நம் தெருவில் ஒரு வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்துகொள்ள நமக்கே வழியில்லை. பதிவு அலுவலகத்தில் இருப்பது குறைத்து எழுதிய விலை. டீக்கடையில் இருப்பது கூட்டிச் சொன்ன விலை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது நிஜம்.

ஆகவே எதிர் வீட்டை விடுங்கள். ஒரு பேப்பரை எடுத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். எல்லாம் போக, கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு உதாரணம். 2001-02ல் 5 லட்சத்துக்கு வாங்கிய வீடு, 2025-26ல் 60 லட்சத்துக்கு விற்கிறது என்று வையுங்கள். பத்திரத்தில் எழுதிய விலையும் கையில் வாங்கிய பணமும் ஒன்றுதான், ரொக்கம் கிடையாது. லாபம் 55 லட்சம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளுக்கு, பணவீக்கத்துக்குச் சலுகை எதுவும் தராமல் 12.5 சதவீதம் என்று மூலதன ஆதாய வரி மாறியது நினைவிருக்கும். அதன்படி வரி 6 லட்சத்து 87 ஆயிரத்து 500. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் அதன் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ், பிறகு 4 சதவீதம் செஸ். மொத்தம் 7 லட்சத்து 86 ஆயிரத்து 500.

அடுத்து புரோக்கர். இரண்டு சதவீதம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். மேல் போர்ஷன்காரர் கொடுத்த லீசுப் பணம் 6 லட்சம் என்றால், அதைத் திருப்பித் தராமல் சாவி வாங்க முடியாது. அந்தப் பணம் எப்போதோ மகளின் கல்யாணத்தில் கரைந்துபோயிருக்கும். பெயின்ட், ஒழுகும் மொட்டை மாடி, பைப் வேலை என்று ஒன்றரை லட்சம். 60 என்று வாயில் சொல்லும் விலை, கையில் 43 லட்சத்துச் சொச்சமாக வந்து நிற்கிறது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் இன்னும் கீழே. இப்போது சொல்லுங்கள், டவுனில் பார்த்து வைத்த ஃபிளாட்டை 60 லட்சத்துக்குப் பார்த்தீர்களா, 43 லட்சத்துக்குப் பார்த்தீர்களா?

பயப்பட வேண்டாம். இந்தக் கணக்கில் குறைக்க வழி இருக்கிறது. முன்கூட்டியே உட்கார்ந்தால்தான் குறையும், அவ்வளவுதான்.

முதலில், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை இந்தியாவில் வசிப்பவர் விற்றால் அவருக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டும் வசதி உண்டு. ஒன்று மேலே சொன்ன 12.5. இன்னொன்று, வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக்கொண்டு, மீதி லாபத்துக்கு 20 சதவீதம். மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டாவது வழியில் போனால் 5 லட்சம் 18.8 லட்சமாகும், லாபம் 41.2 லட்சம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்க்கும் முன்பே வரி 8.24 லட்சம். ஆகவே 12.5தான் லாபம். ஆனால் அதே 60 லட்சம் வீட்டை 2012-13ல் 30 லட்சத்துக்கு வாங்கியிருந்தால்? 12.5ல் 3 லட்சத்து 75 ஆயிரம். குறியீட்டுக் கணக்கில் 30 லட்சம் 56.4 லட்சமாகிறது, வரி வெறும் 72 ஆயிரம். மூன்று லட்சம் வித்தியாசம்! பழைய வீட்டுக்கு ஒரு வழி, கொஞ்சம் புது வீட்டுக்கு ஒரு வழி. பக்கத்து வீட்டுக்காரரின் ஆடிட்டர் அவருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். உங்கள் வருடம் வேறு.

தாத்தா காலத்து வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மாடி கட்டிய செலவையும் சேர்க்கலாம், பில் இருந்தால். இங்கேதான் நம் வீட்டு அம்மாக்களின் பழைய பிஸ்கட் டப்பா உதவும். சிமென்ட் பில், கம்பி பில், மேஸ்திரிக்குக் கொடுத்த செக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயின்ட் அடித்த பில்லை வேண்டுமானால் போடுங்கள், அது கணக்கில் ஏறாது.

இன்னொரு பெரிய வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்கினால், வாங்கும் தொகை அளவுக்கு வரி இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று வருடம். மேலே சொன்ன குடும்பம் டவுனில் 45 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினால், வரி ஏறக்குறைய எட்டு லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அந்த ஃபிளாட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் சலுகை போய்விடும். வீடே வேண்டாம், வாடகைக்குப் போகிறோம் என்பவர்களுக்கு ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் பாண்டு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், 50 லட்சம் வரை, ஐந்து வருடம் எடுக்க முடியாது. 2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஐம்பத்து நாலு, ஐம்பத்து நாலு என்று பேசிப் பழகிய நமக்குக் கொஞ்ச நாள் குழப்பமாக இருக்கும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. வேறு வீடு அமைவதற்குள் வருமான வரி ரிட்டர்ன் போடும் கடைசி நாள் வந்துவிட்டால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மார்ச் கடைசியில் பத்திரம் பதிந்தால் ஜூலை 31க்கு நான்கே மாதம். அதே பதிவை ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளினால் அடுத்த வருட ஜூலை வரை அவகாசம். பத்து நாள் பொறுத்தால் ஒரு வருடம் கிடைக்கிறது. நாள் பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. இந்த நாளையும் சேர்த்துப் பாருங்களேன்.

நாள் என்றதும் ஆடிக்கே வருவோம். ஆடியில் பதிவு வேண்டாம், சரி. ஆனால் ஆடி முழுவதும் சும்மா இருப்பது எதற்கு? பேப்பர் சேர்க்கும் மாதமாக அதை வைத்துக்கொண்டால் ஆவணியில் ஆள் வரும்போது நீங்கள் தயார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வீடு மாற நினைப்பவர்கள் தை தொடங்கி சித்திரை, வைகாசி வரை தேடுவார்கள். ஜிப்மருக்கும் காலாப்பட்டு யுனிவர்சிட்டிக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு மாதக் கணக்கே கிடையாது. சென்னை, பெங்களூருக்காரர்கள் சனி, ஞாயிறு பார்க்க வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் கடலுக்குத்தான் வந்திருப்பார்கள், வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டுப் போவோம் என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காகக் காபி போட்டே ஓய்ந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் வீட்டைக் காட்டலாமா? பொதுவாக வேண்டாம் என்பார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அதற்குப் பிறகு புதுச்சேரியில் வீடு பார்க்க வரும் யாரும் கேட்காமல் விடாத கேள்வி, "ஃபெங்கல்ல தண்ணி வந்துச்சா?" ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி தெரியும். வந்தது என்றால் மறைக்காதீர்கள். சுவரில் கோடு சொல்லிவிடும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவார். வரவில்லை என்றால் கார்த்திகை மழை நாளில் வாசலில் நின்று நான்கு போட்டோ எடுத்து வையுங்கள். அதை விட நல்ல விளம்பரம் கிடையாது.

அதேபோல் தண்ணீர். கடலோரப் பகுதி, போரில் உப்பேறுவது நமக்குப் புதிதில்லை. அனுபவப்பட்டவர்கள் வீட்டைப் பார்க்க வந்தால் மாடுலர் கிச்சனைப் பார்க்க மாட்டார்கள். நேரே பின்பக்கம் போய் போர் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் ஊற்றிப் பார்ப்பார்கள். பிறகு படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கத்தைக் கை விரலால் தேய்ப்பார்கள். விரலில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் முகம் மாறும். ஐந்து லட்சம் போட்டு சமையலறையைப் புதுப்பித்து விற்கலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பணம் திரும்ப வராது. வாங்குகிறவர் முதல் வேலையாக அதை இடித்துத் தன் ருசிக்குக் கட்டிக்கொள்வார். ஒழுகும் மாடி, உப்புப் பூத்த சுவர், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய் இந்த மூன்றையும் சரிசெய்து, வெள்ளை அடித்துவிட்டால் போதும். வாஸ்துவுக்கு மருந்தில்லை. அது வருகிறவர் கூட்டி வரும் ஆளைப் பொறுத்தது.

சரி, விலை எவ்வளவு சொல்வது?

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் கூடையை இறக்கியதும் வரும் முதல் ஆளிடம் விலையை ஏற்றித்தான் சொல்வார். ஆனால் அந்த ஆளைச் சும்மா திரும்ப விடமாட்டார். "வாம்மா, போணி பண்ணிட்டுப் போ" என்று கூப்பிட்டு ஐம்பது ரூபாய் இறங்கிக் கொடுத்துவிடுவார். மதியம் ஆனால் அதே வஞ்சிரத்தின் செவுளைப் பிரித்துப் பார்ப்பவர்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். வீடும் அப்படித்தான். முதல் இரண்டு மாதத்தில் வருகிறவர்கள்தான் நிஜமான தேவையோடு வருகிறவர்கள். ஆறு மாதம் போர்டு தொங்கிய வீட்டைப் பார்த்தால் "ஏன் இன்னும் போகலை? ஏதாவது வில்லங்கமா?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் வில்லங்கம் இல்லை, விலையில்தான் வில்லங்கம். அதை யாரிடம் விளக்குவது?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு 57 கேட்டு ஒருவர் வந்தார், நீங்கள் 60க்கு நின்றீர்கள், ஒரு வருடம் கழித்து 60 கிடைத்தது. ஜெயித்தீர்களா? வரி போக வரும் 50 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் ஆறரை சதவீத வட்டியில் 3 லட்சத்து 25 ஆயிரம் வந்திருக்கும். நடுவில் வீட்டு வரி, தோட்டம் வெட்டிய கூலி, மழைக்கு இற்றுப்போன கதவு. பூட்டிய வீடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். குடியிருக்கும் வீடு என்றால் இந்தக் கணக்கு அவ்வளவு கடுமையில்லை, பொறுக்கலாம்.

வாங்குகிறவரின் பாக்கெட்டையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். பஸ்ஸில் போகிறவருக்கு ஒரே ஊர்தான். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், பதிவு தமிழ்நாட்டுக் கணக்கில். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. கையில் மொத்தம் 60 லட்சம் வைத்திருப்பவர் அங்கே 55 லட்சத்து வீட்டைத்தான் வாங்க முடியும். நம் பக்கம் கட்டண விகிதம் வேறு. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறார். அவர் பேரம் பேசும்போது கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது பேப்பருக்கு வருகிறேன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனித் தலைவலி உண்டு. பட்டாவை "நிலமகள்" தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய குடும்பச் சொத்து என்றால் தாய்ப்பத்திரம் பிரெஞ்சில், நொத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) எழுதியதாக இருக்கும். அளவு ஆர், சென்டியார் என்று இருக்கும். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 1,076 சதுர அடி. குழிக் கணக்கில் சொல்லும் தாத்தாவும், சதுர அடியில் கேட்கும் சென்னைக்காரரும் நேருக்கு நேர் உட்கார்ந்தால் பொழுது போய்விடும். மொழிபெயர்ப்பு, ரீ-சர்வே எண், பழைய கதாஸ்தர் (பிரெஞ்சு நில அளவை) எண் எல்லாம் பொருந்துகிறதா என்று வக்கீலிடம் முன்பே பார்த்து வைப்பது நல்லது. ரெயின்போ நகரில் கோயில் நிலம் போலிப் பத்திரத்தில் கை மாறிய விவகாரம் சி.பி.சி.ஐ.டி. வரை போன பிறகு, வாங்குகிறவர்கள் ரொம்ப உஷாராகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மனைக்கு நகரமைப்புக் குழுமமான பி.பி.ஏ.வின் அப்ரூவல் இருக்கிறதா, மாடிக்கு பிளான் உண்டா, உழவர்கரை நகராட்சியிலோ கொம்யூன் பஞ்சாயத்திலோ வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறது, மின்துறை பில் இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலா? ஒவ்வொன்றும் சின்ன வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறவர் உங்கள் விலையில் ஒரு லட்சத்தைக் குறைப்பார்.

வீட்டுக் கடன் முடித்தவர்களுக்கு ஒரு தகவல். கடன் முழுவதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து விதி வைத்திருக்கிறது. மேனேஜர் தலையைச் சொறிந்தால் மரியாதையாக இதை நினைவுபடுத்துங்கள்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார்? இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், கல்யாணம் ஆகிப் போன அக்காவுக்கும் தங்கைக்கும் சம பங்கு உண்டு. "அவங்களுக்குத்தான் நகை போட்டுட்டோமே" என்பது சட்டத்தில் செல்லாது. வீடு விற்கப் போகிறோம் என்று அக்காவுக்குத் தெரியும் முன் புரோக்கருக்குத் தெரிவதுதான் நம் வீடுகளில் பெரும்பாலான சண்டைக்குக் காரணம். முதலில் அக்காவிடம் பேசுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள்.

பிரான்சில் இருக்கும் உறவுகள் இன்னொரு அத்தியாயம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்களில் பங்குதாரர்களில் ஒருவராவது அங்கே இருப்பார். பவர் கொடுப்பதானால் அங்கேயே எழுதி அப்போஸ்தில் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். அதை விடப் பெரியது வரி. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்கில், லாபத்துக்கு மட்டுமில்லை, விற்ற தொகை முழுவதற்குமே 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் வாங்குகிறவர் பணம் தர வேண்டும். வருமான வரித் துறையில் முன்கூட்டியே விண்ணப்பித்து, குறைவாகப் பிடிக்கச் சொல்லிச் சான்று வாங்கினால் தப்பிக்கலாம். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். பதிவுக்கு முதல் நாள் ஞாபகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. 20 சதவீதக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும் சலுகையும் அவர்களுக்குக் கிடையாது. உள்ளூர்க்காரருக்கு 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் பிடிப்பது 1 சதவீதம்தான், அதுவும் ரிட்டர்னில் கழியும்.

இனி அந்த ரொக்கப் பேச்சு. "முப்பது பேப்பர்ல, முப்பது கையில." இதைக் கேட்காத வீடு உண்டா? நான் உபதேசம் செய்யப் போவதில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அபராதம் வாங்கியவருக்கு, கொடுத்தவருக்கு இல்லை. எழுதிய விலையை விட ஜி.எல்.ஆர். பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வரி ஜி.எல்.ஆர். மதிப்புக்கே போடுவார்கள். அந்த முப்பது லட்ச ரொக்கத்தை வைத்து டவுனில் ஃபிளாட் வாங்க முடியாது, பில்டர் செக் கேட்பார். வங்கியில் போட முடியாது, எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வீடு வாங்கினால் வரியே இல்லை என்கிற சலுகை இருக்கும்போது, வரிக்குப் பயந்து ரொக்கம் வாங்குவது யாருடைய லாபத்துக்கு? பெரும்பாலும் வாங்குகிறவரின் லாபத்துக்கு. அவருக்கு முத்திரைச் செலவு மிச்சம், ஏற்கனவே வைத்திருக்கும் கணக்கில் வராத பணமும் காலி.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் இல்லாமல் நடக்காது, அவர்களைத் திட்டியும் பயனில்லை. மார்க்கெட் பக்கம் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் எந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் அண்ணன்கள் அவர்கள். ஒரு சதவீதமா, இரண்டா, எப்போது கொடுப்பது என்பதை ஆள் கூட்டி வரும் முன் பேசி, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஆளை இரண்டு பேர் கூட்டி வந்துவிட்டு, பதிவு நாளன்று வாசலில் நின்று சண்டை போடுவது நம் ஊரில் வாடிக்கை. யார் முதலில் கூட்டி வந்தார் என்று நோட்டில் தேதி போட்டு வையுங்கள். கமிஷனை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு நம்பிக்கையானவர் என்றாலும் புரோக்கர் பெயரில் பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். முழுப் பணமும் வந்து சேரும் முன் சாவி கொடுக்காதீர்கள். "பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், நல்ல நாள்" என்று கெஞ்சுவார்கள். பால் பொங்கிய வீட்டிலிருந்து ஆளை வெளியே அனுப்புவது எளிதில்லை.

கடைசியாக, பணம் அக்கவுன்ட்டில் விழுந்த வாரம். எப்படித்தான் தெரியுமோ, சீட்டுக் கம்பெனி வரும், இன்ஷூரன்ஸ் வரும், மச்சான் வருவார். பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அங்கே கடை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு ஆசையும் உண்டு: வீட்டை விற்ற பணத்தைக் கடையில் போடலாமா என்று. இருக்கப் போகும் கூரைக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதில் யோசியுங்கள். எல்லாவற்றையும் ஒரே வங்கியில் போடாதீர்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அறுபது தாண்டியவர்கள் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். கொடுங்கள், ஆனால் டவுன் ஃபிளாட் உங்கள் பெயரில் பதிவான பிறகு.

ஆவணி பிறந்ததும் உங்களில் சிலர் அக்ரிமென்ட் போடப் போகிறீர்கள் என்று தெரியும். முடிந்ததும் எழுதுங்கள்: என்ன விலை சொன்னீர்கள், எதற்கு முடிந்தது, எத்தனை மாதம் ஆனது, கையில் எவ்வளவு நின்றது. பேட்டை பெயர் மட்டும் போதும், உங்கள் பெயர் போட மாட்டோம். புரோக்கருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்